அடுத்த முறை வரும்வரை: கண்ணசைவும் கைபேசியும்



1971-ஆம் ஆண்டு, பிரிட்டனிலிருந்து வெளிவரும் ‘பிரெயின்’ என்ற நரம்பியல் இதழில் நோஷிர் வாடியா, ஆர். கே. சுவாமி என்ற இரண்டு மும்பை மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒன்பது குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த ஒரு நோயைப் பற்றிய கட்டுரை அது. நடை தள்ளாடும், பேச்சு குழறும். சிறுமூளை தேய்வதால் வரும் இந்த அறிகுறிகள் உலகம் ஏற்கெனவே அறிந்தவைதான். வாடியா அவற்றோடு இன்னொன்றையும் கவனித்தார். இந்தக் குடும்பங்களில் நோயுற்றவர்களின் கண்கள் மெதுவாக நகர்ந்தன. பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் நம் கண் சட்டென்று அங்கே போய் நிற்கும். அவர்கள் கண் ஊர்ந்து போய்ச் சேர்ந்தது.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1996-இல், இவ்வகை நோயின் மரபணுப் பிழையைக் கண்டுபிடித்தார்கள். இன்று அதற்கு எஸ்.சி.ஏ.-2 என்று பெயர். கியூபாவில் ஓல்கின் என்ற மாகாணத்தில் இந்த நோய் மிக அதிகம். அங்கே நடந்த ஆய்வுகள், மரபணுவில் திரும்பத் திரும்ப வரும் பிழைத் தொடர் எவ்வளவு நீளமோ அந்த அளவுக்குக் கண்ணின் வேகமும் குறைகிறது என்று காட்டின. நடை தடுமாறத் தொடங்கும் முன்பே கண் மெதுவாகிவிடுகிறது என்றும் காட்டின. மரபணுச் சோதனையோ எம்.ஆர்.ஐ.யோ இல்லாத காலத்தில், ஓர் இந்திய மருத்துவர் நோயாளியின் கண்ணை உற்றுப் பார்த்தே இதைப் பிடித்தார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நம் பாடப்புத்தகங்களில் வாடியாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

நான் மருத்துவன் அல்லன். கேமராப் படங்களிலிருந்து அளவுகளை எடுக்கும் பொறியாளன். மூளை மெல்லத் தேயும் நோய் உள்ளவர்களை, அவர்கள் வீட்டில் இருக்கும்போதே, கைபேசியின் முன்கேமரா மூலம் கண்ணசைவைப் பதிவு செய்து பின்தொடர முடியுமா என்பது இன்றைய பேச்சு. முடியும் என்பது என் நம்பிக்கை. ஆனால் எதற்கு, எந்த அளவுக்கு என்பதில் தெளிவு வேண்டும். கைபேசி நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. பெயர் வைப்பது மருத்துவரின் வேலை. மருத்துவர் பெயர் வைத்த பிறகு, ஒரு வருகைக்கும் அடுத்த வருகைக்கும் இடையில் ஓடும் ஆறு மாதத்தில் என்ன நடந்தது என்று சொல்லத்தான் கைபேசி வேண்டும்.

முதலில் கண்ணைப் பார்ப்போம். நாம் படிக்கும்போதும் தெருவைப் பார்க்கும்போதும் கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. இந்தத் தாவலை மருத்துவர்கள் ‘சக்கேட்’ என்பார்கள். ஒரு புள்ளி புதிதாகத் தோன்றினால், கண் அதை நோக்கிக் கிளம்ப ஏறத்தாழ ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. கிளம்பிய பின் பத்து டிகிரித் தூரத்தைக் கடக்க விநாடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆவதில்லை. நம் உடம்பில் இவ்வளவு வேகமான அசைவு மிகக் குறைவு. இதற்குள் எத்தனை பேர் கைமாற்றி வேலை பார்க்கிறார்கள்! எங்கே பார்ப்பது என்று முன்மூளை முடிவு செய்கிறது. எப்போது கிளம்பலாம் என்று அடிமூளை முடிச்சுகள் அனுமதி தருகின்றன. மூளைத்தண்டில் உள்ள நரம்பணுக்கள் உந்துகின்றன. குறி தவறாமல் இறங்கச் சிறுமூளை பார்த்துக்கொள்கிறது. இவர்களில் யார் சோர்ந்தாலும் அசைவில் தெரியும். பார்க்கின்சன் நோயில் தாவல் குட்டையாகி, ஒரே எட்டில் போக வேண்டிய இடத்துக்கு இரண்டு மூன்று எட்டுகளில் போகும். ஹன்டிங்டன் நோயில் கிளம்பவே தாமதமாகும். அல்சைமரில், ‘புள்ளி தோன்றினால் அதைப் பார்க்காதே, எதிர்ப்பக்கம் பார்’ என்று சொன்னால், தவறிப்போய்ப் புள்ளியையே பார்ப்பது கூடும். இந்த எதிர்ப்பக்கச் சோதனையை ஹாலெட் என்பவர் 1978-இல் வகுத்தார்.

பி.எஸ்.பி. என்று ஒரு நோய் உண்டு. கனடாவின் டொரான்டோவில் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கி என்ற மூவர் 1964-இல் விவரித்தது. தொடக்கத்தில் பலர் இதைப் பார்க்கின்சன் என்றே எண்ணிவிடுவார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது வீடுகளில் பெரிய மனத்தாங்கலை உண்டாக்குகிறது. நரம்பியல் புறநோயாளர் பிரிவுகளில் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் முறையீடு இப்படி இருக்கும்: “அவரு சாப்பிடும்போது சட்டையெல்லாம் கொட்டிக்கிறாரு டாக்டர். தட்டைப் பார்த்துச் சாப்பிடுங்கன்னா பார்க்கறதே இல்லை. படியிறங்கும்போது காலடியைப் பார்க்காம விழறாரு. வேணும்னே பண்றாரோன்னு கோபம் வருது.”

மருத்துவர் அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். “ஐயா, என் மூக்கைப் பாருங்க. இப்ப கீழே இருக்கற என் விரலைப் பாருங்க.” கண் இறங்காது; இறங்கினால் சிறிது தூரம் போய் நின்றுவிடும். பிறகு மருத்துவர் அவருடைய தலையை இரண்டு கைகளாலும் பிடித்து, மூக்கையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லி, மெல்லப் பின்னால் சாய்ப்பார். இப்போது கண் தானாகக் கீழே இறங்கும். ஆக, கண் தசை நன்றாக இருக்கிறது, தசையை அசைக்கும் நரம்பும் நன்றாக இருக்கிறது. மேலிருந்து வர வேண்டிய கட்டளைதான் வரவில்லை. அந்த ஒரு நிமிடச் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்க்கும் மனைவிக்கு, தன் கணவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பது புரியும். அந்தப் புரிதலுக்கு எந்த மருந்தும் ஈடாகாது என்று நினைக்கிறேன்.

கண்ணசைவைப் படம் பிடித்து மூளையைப் படிக்கும் யோசனை புதியதன்று. அமெரிக்க உளவியலாளர் ரேமண்ட் டாட்ஜ் 1901-இல், நகரும் புகைப்படத் தகட்டில் கண்ணசைவைப் பதியும் கருவியை உருவாக்கினார். 1908-இல் டீஃபென்டார்ஃப் என்ற மருத்துவருடன் சேர்ந்து மனநோயாளிகளின் கண்ணசைவுகளைப் பதிந்து வெளியிட்டார். அதுவும் ‘பிரெயின்’ இதழில்தான். அன்றிலிருந்து கருவிகள் நுண்மையாகிக்கொண்டே வந்து, இன்று ஆய்வுக்கூடத்தில் விநாடிக்கு ஆயிரம் முறை கண்ணை அளக்கும் கருவிகள் உண்டு. தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, இருட்டறையில் உட்கார வேண்டும். நம் பெங்களூரிலேயே இந்திய அறிவியல் கழகத்தில் ஆதித்ய மூர்த்தியின் ஆய்வுக்குழு, மூளை ஒரு தாவலுக்குப் பின் அடுத்த தாவலை எப்படித் திட்டமிடுகிறது என்று பல ஆண்டுகளாக ஆராய்கிறது. பார்க்கின்சன் நோயாளிகளில் அந்த வரிசை எப்படிக் குலைகிறது என்று டெல்லி மருத்துவர்களோடு சேர்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். அறிவியல் நம்மிடம் இருக்கிறது. அது இருட்டறையை விட்டு வெளியே வரவேண்டும்.

ஏன் வரவேண்டும்? ஓசூர் சாலையில் நிமான்ஸ் வாசலில் காலை நேரத்தில் நின்று பார்த்தால் தெரியும். 1954-இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் பழைய மைசூர் அரசு மனநல மருத்துவமனையும் 1974-இல் ஒன்றாகிப் பிறந்த நிறுவனம் அது. கர்நாடகம் மட்டுமா வருகிறது? ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், அந்தப் பக்கம் சித்தூர், அனந்தபுரம் என்று எல்லா ஊரும் வருகிறது. இரவுப் பேருந்தில் அப்பாவை உட்கார வைத்துக் கூட்டிவரும் மகனுக்கு அன்றைய கூலி போகிறது. உள்ளே மருத்துவர் தரக்கூடியது சில நிமிடங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி, “போன தடவைக்கு இப்ப எப்படி இருக்கு?” மகன் என்ன சொல்வான்? “அப்படியேதான் இருக்கு சார்” என்பான், இல்லாவிட்டால், “கொஞ்சம் மோசம்தான்” என்பான். ஆறு மாதக் கதை இரண்டு சொல்லில் முடிந்துவிடும். பார்க்கின்சன் நோயாளிக்கு லெவோடோபா மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் ஒரு நிலை, மாத்திரை தேய்ந்தபின் வேறொரு நிலை. பேருந்துப் பயணமும் பதற்றமும் தாண்டி மருத்துவர் முன் உட்காரும் அந்த நிமிடத்தில் அவர் எந்த நிலையில் இருக்கிறாரோ, அதுவே ஏட்டில் பதிவாகிறது.

இந்தியாவில் அறுபது வயது கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்ற மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. பார்க்கின்சனும் பிறவும் இந்தக் கணக்கில் சேராதவை. இத்தனை பேரையும் இருட்டறைக்கு அழைத்துவர முடியாது.

கைபேசி என்ன செய்யும் என்று பார்ப்போம். 2016-இல் எம்.ஐ.டி., ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 1,450 பேரிடமிருந்து 25 லட்சம் படங்களைத் திரட்டி, திரையில் ஒருவர் எங்கே பார்க்கிறார் என்று முன்கேமராவைக் கொண்டு கணிக்கும் முறையை வெளியிட்டார்கள். கைபேசியில் பிழை ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருந்தது. 2020-இல் கூகுள் ஆய்வாளர்கள் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில் அந்தப் பிழை 0.46 சென்டிமீட்டராக இறங்கியது. ஒவ்வொருவரும் சற்று நேரம் புள்ளிகளைப் பார்த்து, கைபேசியைத் தம் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் போதும். அந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் முதல் பெயர் நாச்சியப்பன் வள்ளியப்பன், வழிநடத்தியவர் வித்யா நாவல்பாக்கம் என்பதை இந்த அவையில் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி.

ஆனால் எங்கே பார்க்கிறார் என்பது வேறு, எவ்வளவு வேகமாகப் போனார் என்பது வேறு. சாதாரணக் கைபேசியின் முன்கேமரா விநாடிக்கு 30 படம் எடுக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லி விநாடி. பத்து டிகிரித் தாவல் 45 மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். அதாவது கண் கிளம்பியதும் போய்ச் சேர்ந்ததும் அடுத்தடுத்த ஒன்றிரண்டு படங்களில் அடங்கிவிடும். நலமான கண்ணின் உச்ச வேகத்தை இதில் அளப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அளக்கக்கூடியவை வேறு: கிளம்ப எடுத்த நேரத்தின் சராசரி, அது நாளுக்கு நாள் எவ்வளவு சிதறுகிறது என்பது, எதிர்ப்பக்கச் சோதனையில் எத்தனை தவறு, ஒரே எட்டில் போனதா பல எட்டா. ஒரு தடவை எடுத்தால் பிழை மிகும். ஐம்பது தடவை எடுத்தால் பிழை சுருங்கும். வீட்டில் ஐம்பது தடவை எடுக்கலாம், மருத்துவமனையில் முடியாது. இன்னொன்றும் உண்டு. வாடியா கண்ட மெதுவான கண்ணும் பி.எஸ்.பி.யின் மெதுவான கண்ணும் ஒரு தாவலுக்கு நூறு, இருநூறு மில்லி விநாடிக்கு மேல்கூட எடுத்துக்கொள்ளும். அவற்றை இந்த எளிய கேமராவே பல படங்களில் பிடித்துவிடும். நோய் முற்ற முற்ற அளப்பது எளிதாகிறது என்பது வருத்தமான உண்மை, ஆனாலும் பின்தொடர்வதற்கு உதவும் உண்மை.

கைபேசியை நட்டமாக வைத்து ஒரு முழம் தூரத்துக்குள் பார்த்தால், மேலிருந்து கீழ்வரை ஏறத்தாழ இருபது டிகிரி கண் இறங்க வேண்டும். பி.எஸ்.பி.க்குத் தேவையான சோதனை இதுதான். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கண் கீழே பார்க்கும்போது மேலிமை இறங்கிக் கண்பாப்பாவை மூடிவிடும், கேமராவோ மேலே இருக்கிறது. கைபேசியைத் தலைகீழாக நிறுத்தினால் கேமரா கீழே வந்து இமைக்கு அடியிலிருந்து பார்க்கும். இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் இந்தத் தொழில்நுட்பம் நிற்பதும் விழுவதும்.

நம் கண்களின் நிறத்தையும் சொல்ல வேண்டும். வெளிர்நிறக் கண்ணில் கண்பாப்பா கறுப்பு வட்டமாகத் தனித்துத் தெரியும். நம்முடைய அடர்பழுப்பில் பாப்பாவின் விளிம்பு கரைந்துவிடுகிறது. சான்டியேகோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் பாப்பாவின் விரிவைக் கைபேசியின் அகச்சிவப்புக் கேமராவால் அளந்தார்கள். அடுத்த ஆண்டே, அடர்நிறக் கண்களுக்கும் சாதாரணக் கேமரா சரியாக வேலை செய்ய, அடர்சிவப்பு ஒளியைப் பயன்படுத்தும் வழியை வெளியிட்டார்கள். நாம் செய்திருக்க வேண்டிய வேலை அது. அடர்பழுப்புக் கண்கள் மிகுந்த நாட்டில், கண்புரை மிகுந்த நாட்டில், டியூப்லைட் வெளிச்சத்தில், மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் பளிச்சிடும் வீட்டில், விலை குறைந்த ஆண்ட்ராய்டில் வேலை செய்தால்தான் அது நமக்கான கருவி.

முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பெங்களூரின் ரெமிடியோ நிறுவனம் கைபேசியை விழித்திரைக் கேமராவாக மாற்றியது. சென்னையில் டாக்டர் மோகன்ஸ் நீரிழிவு மையத்தினர் அதில் எடுத்த படங்களைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து, கண் மருத்துவர்களின் தீர்ப்போடு ஒப்பிட்டு, 301 நோயாளிகள் கொண்ட ஆய்வை 2018-இல் வெளியிட்டார்கள். கண்ணசைவுச் செயலிகளும் அதே பரீட்சையை எழுத வேண்டும். ஆய்வுக்கூடக் கருவியையும் கைபேசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நம் மக்களின் கண்ணில், ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

கண்ணசைவு நமக்கு ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்பதற்கு இன்னொரு காரணம் எழுத்தறிவு. மறதி நோய்க்கு உலகெங்கும் பயன்படும் எம்.எம்.எஸ்.இ. சோதனை 1975-இல் அமெரிக்காவில் உருவானது. வாக்கியத்தைப் படி, வாக்கியம் எழுது, ஐங்கோணங்களைப் பார்த்து வரை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி என்று அது கேட்கும். பள்ளிக்கூடமே போகாத பாட்டி இதில் தோற்பது நோயாலா, வாழ்க்கையாலா? ஹரியானாவின் பல்லப்கரில் 1990-களில் எழுத்தறியாதோருக்காக இந்தி வடிவம் ஒன்றைப் பெருமுயற்சியோடு அமைக்க வேண்டியிருந்தது. பெங்களூரில் இதன் சிக்கல் இரட்டிப்பு. தமிழ் பேசும் அம்மா, கன்னடம் பேசும் மருத்துவர், நடுவில் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் பேத்தி. புள்ளி தோன்றினால் பார்ப்பதற்கு எழுத்தும் வேண்டாம், மொழியும் வேண்டாம். இதனால் கல்வி, வயது எதுவும் கண்ணைத் தொடுவதில்லை என்று எண்ணிவிடக் கூடாது. வயதானால் கண் கிளம்புவது தாமதமாகும், தூக்கமில்லாத இரவுக்குப் பின் தவறுகள் கூடும். நலமாக இருக்கும் நம்மவர்களின் அளவு என்ன என்று தெரிந்தால்தான் நோயின் அளவு புரியும்.

அந்த அளவைத் தரக்கூடிய இடமும் அருகிலேயே இருக்கிறது. இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டம் ஸ்ரீநிவாசபுர வட்டத்துக் கிராமங்களில், 45 வயது கடந்த பத்தாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதை இலக்காகக் கொண்ட ஆய்வை 2018 முதல் நடத்திவருகிறது. கிரிஸ் கோபாலகிருஷ்ணன், சுதா கோபாலகிருஷ்ணன் இணையரின் பிரதீக்ஷா அறக்கட்டளைக் கொடையில் எழுந்த மையம் அது, அதன் முதல் இயக்குநர் விஜயலட்சுமி ரவீந்திரநாத். இரத்தமும் மரபணுவும் மூளைப் படமும் எடுக்கும் இத்தகைய ஆய்வுகளில் ஐந்து நிமிடக் கைபேசிச் சோதனையும் சேர்ந்தால், இந்திய கிராமத்துக் கண்ணுக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும். கர்நாடக அரசும் நிமான்ஸும் 2022-இல் தொடங்கிய மூளை நல முயற்சி மாவட்ட மருத்துவமனைகளில் சிறப்புப் பிரிவுகளை அமைத்திருக்கிறது. எண்களைப் படித்துச் சொல்ல ஆள் இருக்கும் இடம் அது. ஆளில்லாத செயலி பயத்தை மட்டுமே தரும்.

சோதனை எப்படி இருக்கும்? காலை மாத்திரைக்கு முன் ஒரு தடவை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை. சாப்பாட்டு மேசையில் தாங்கியில் கைபேசி, ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் முகத்துக்கு எதிரே. தாத்தா உட்கார்ந்து புள்ளியைப் பார்க்கிறார், பக்கத்தில் பேரன் உட்கார்ந்து தலை ஆடாமல் பார்த்துக்கொள்கிறான். தினமும் வேண்டியதில்லை, வாரத்தில் இரண்டு நாள் போதும். அளவுக்கு மீறிக் கேட்டால் கைவிட்டுவிடுவார்கள். 2015-இல் அமெரிக்காவில் ஐபோன் வழியாகத் தொடங்கிய ‘எம்பவர்’ பார்க்கின்சன் ஆய்வில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள், பெரும்பாலோர் சில வாரங்களில் விட்டுவிட்டார்கள். நோயாளிக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்பது முக்கியம். ‘காலை மாத்திரை உங்களுக்கு முன்பைவிடக் குறைவாகவே வேலை செய்கிறது, மருத்துவரிடம் இதைக் காட்டுங்கள்’ என்று ஒரு வரி கிடைத்தால் அவர் தொடர்வார்.

கேமரா தாத்தாவின் முகத்தையும் வீட்டையும் பார்க்கிறது. ஆகவே படம் கைபேசியை விட்டு வெளியே போகக் கூடாது, கணக்கு அங்கேயே முடிந்து எண் மட்டும் போக வேண்டும். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் கேட்கச் சொல்கிறது. மறதி நோய் உள்ளவரிடம் ஒருமுறை வாங்கிய சம்மதம் போதாது. அவர் தெளிவாக இருக்கும்போதே, பின்னாளில் யார் முடிவெடுக்கலாம் என்றும் கேட்டு எழுதிவைக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கோ வேலை கொடுப்பவருக்கோ அந்த எண் போய்ச் சேருமானால், இந்தத் தொழில்நுட்பம் வராமல் இருப்பதே நல்லது.

இதே நுட்பத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அறிவியல் கழகத்தின் பிரதீப்த பிஸ்வாஸ் குழு, சென்னை வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து, கையும் பேச்சும் இயங்காத இளைஞர்கள் வெப்கேமராவில் கண்ணைக் காட்டியே இயந்திரக் கையை இயக்கிப் பொருளை எடுத்து வைக்கும் ஏற்பாட்டை 2020-இல் வெளியிட்டது. நோயை அளக்கும் அதே கேமரா, நோய் முற்றியபின் பேசவும் கை கொடுக்கும். ஆரம்பத்திலேயே பழகியவருக்கு அது கடைசியில் எளிதாக இருக்கும்.

பொறியாளர் நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: நோயைக் கண்டுபிடிக்கும் செயலி என்று விளம்பரம் செய்யாதீர்கள், பின்தொடரும் கருவியை ஒழுங்காகச் செய்யுங்கள். ஆய்வில் சேரும்படி நிமான்ஸோ மூளை ஆய்வு மையமோ கேட்டால், நலமாக இருக்கும் நீங்களும் சேருங்கள். உங்கள் வீட்டில் ஒரு பெரியவர் பின்பக்கமாக அடிக்கடி விழுந்தால், தட்டைப் பார்க்காமல் சிந்தினால், கூப்பிட்ட பக்கம் கண் போகாமல் தலை மட்டும் திரும்பினால், அவரைத் திட்டாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கண்ணைப் பற்றி அவர் கேட்காவிட்டால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.